இரண்டாவது இலை

என்னைப் 'பிள்ளை' என்றே கூப்பிட்டுப் பழகி, பள்ளிக்கூடத்தில் பெயர் பதியும்போது ஒரு கணம் யோசித்துத்தான் 'பவானி' என்று சொன்ன என் ஐயாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருடமாகிறது. இத்தனை நாளும் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வரவில்லை. காலையில் படத்துக்குப் பூ வைக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லுவேன், அத்தோடு தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவேன். இந்த விஷயத்தை அப்படிச் சொல்ல முடியவில்லை. படத்தில் நீங்கள் நேரே என்னைப் பார்க்கிறீர்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு வாய் எழவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். காணியை விட்டுவிட்டார்கள், ஐயா. மாசி மாதம் ஒரு காலையில் கம்பி வேலியைச் சுருட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு இராணுவம் போனது. இருபத்தைந்து வருடம் நீங்கள் அரசாங்கக் கச்சேரிக்கும் கூட்டங்களுக்கும் அலைந்து, 'அடுத்த வருசம், அடுத்த வருசம்' என்று சொல்லியபடியே, அகதியாய் வந்த அளவெட்டியிலேயே கண்ணை மூடினீர்களே, அந்த வளவு கிணற்றோடும் நாலு எல்லையோடும் நம் கைக்கு வந்தது.

இனி மற்றது. அந்த வளவை இப்போது மறுபடியும் மறித்திருக்கிறார்கள். மஞ்சள் நாடா கட்டி, ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தமுறை அதை மறிக்கவைத்தது நான். நீங்கள் சாகும்வரை வாய் திறக்காத ஒன்றை யோகம் மாமியிடம் சொல்லுவதா விடுவதா என்று மூன்று நாள் கிடந்து தவித்தேன். என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். மூடி வைத்தது போதும்.

வேலி எடுத்த அன்றே நானும் யோகம் மாமியும் பஸ் பிடித்துப் போனோம். பக்கத்து வளவுக்காரர்கள் சேர்ந்து ஓடினோம், சேர்ந்துதான் திரும்பவும் வேண்டும் என்று மாமி பிடிவாதமாக நின்றார். போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. பனை இல்லை, பலா இல்லை, மதில் இல்லை. புல்லை ஒட்ட வெட்டி, பாதையோரம் வெள்ளையடித்த கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். குருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தெற்கே இருந்து காற்று வந்தபோது மட்டும், அளவெட்டியில் யாரோ நாதஸ்வரம் பழகுவது துண்டு துண்டாகக் கேட்டது. இடம்பெயர்ந்து இருந்த இத்தனை வருடமும் அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தோம். நம் சொந்த வளவில் நின்று கேட்டபோது எனக்கு ஏனோ உடம்பு கூசியது.

வீடு இருந்த இடத்தில் சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. சுவர் எதுவும் இல்லை. ஆனாலும் மாமி சுற்றிக்கொண்டு போய், முன்கதவு இருந்த இடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். நானும் அப்படியே செய்தேன். எந்தப் பக்கத்தால் வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது தோன்றவேயில்லை.

நாலு மணி இருக்கும். அப்போதுதான் மாடுகள் வந்தன.

ஊர் வெறித்துக் கிடந்த காலத்தில் அவிழ்த்துவிட்ட மாடுகளின் சந்ததி அது, பற்றைக்குள் கட்டாக்காலியாகப் பெருகியவை. ஆளைக் கண்டால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று எல்லோரும் சொல்லுவார்கள். ஒன்பது மாடு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நம் மாட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் வரிசையாக நின்றன. அங்கே கொட்டிலும் இல்லை, தொட்டியும் இல்லை, கட்டையும் இல்லை. முன்னால் வைக்கோல் கிடப்பதுபோல் தலையைக் குனிந்தபடி நின்றன. கத்தவில்லை, மேயவில்லை. பால் கறக்கிற நேரம் முடிகிற அளவுக்கு நின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டன. முன்னால் நின்றதன் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது.

"உது உங்கடை சிவப்பியின்ரை வழி, பிள்ளை" என்றார் மாமி. "அப்ப எங்கடை ஆள் மாட்டை அவிட்டுத்தான் இருக்கிறார். அவிட்டுப்போட்டு எங்கை போனவரோ தெரியேல்லை."

தன் புருசன் சிவபாதம் மாமாவைத்தான் சொன்னார். உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்.

அந்த நாள் எனக்கு வயது பதினாறு. செல் குண்டுகள் விழத் தொடங்க, மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஊரே கையில் கிடைத்ததோடு ஓடியது. நீங்கள் கதவைப் பூட்டிவிட்டு வந்தீர்கள். பூட்டினால் வீடு பத்திரம் என்று நாம் எல்லோரும் நம்பினோம். அளவெட்டிப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்த பிறகுதான், சிவப்பியைக் கட்டையில் கட்டியபடியே விட்டு வந்தது உங்களுக்கு நினைவு வந்தது. அன்று இரவு முழுக்க நீங்கள் படுக்கவேயில்லை. மறுநாள் விடிய சிவபாதம் மாமா, "நீ கால் ஏலாதவன், இரு, நான் போய் அவிட்டுவிட்டிட்டு ஓடி வாறன்" என்றார். பள்ளிக்கூட வாசலில் அவர் கையில் நீங்கள் எதையோ வைத்து மூடியதை நான் கண்டேன். பீடி கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அவர் வரவில்லை. அடுத்த நாள் நீங்கள் தேடிப் போனீர்கள். பொழுது சாய வந்து, யோகம் மாமியின் முகத்தைப் பார்க்காமல், "காணேல்லை" என்று ஒரு சொல் சொன்னீர்கள். பிறகு பள்ளிக்கூடக் கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினீர்கள். தண்ணீர் அள்ளி ஊற்றியது நான். உங்கள் நகத்துக்குள் சிவப்பு மண் இருந்தது. நம் ஊர் மண் சிவப்புத்தானே, அதில் என்ன அதிசயம் என்று அப்போது பேசாமல் ஊற்றினேன். அதற்கு அடுத்த நாள் பாதை மூடப்பட்டுவிட்டது.

அன்று முதல் யோகம் மாமி காத்திருக்கிறார். பொட்டு அழிக்கவில்லை, தாலி கழற்றவில்லை. நாலு வயதில் தகப்பனைத் தொலைத்த கோபி இப்போது கனடாவில் இருக்கிறான், அவனுக்கே தலை நரைத்துவிட்டது. தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம் ஆடி அமாவாசை. ஒவ்வொரு ஆடியும் அவன் தாய்க்குப் போன் எடுத்து, "அம்மா, இந்தமுறை பிடிக்கட்டோ?" என்று கேட்பான். மாமி, "இன்னும் இல்லை மோனை" என்பார். விரதம் பிடித்தால் தகப்பன் செத்தவர் ஆகிவிடுவார். இந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும் ஒரு தவணையாக எத்தனை வருடம் போய்விட்டது என்று பாருங்கள்.

நீங்கள் படுக்கையில் விழுந்த கடைசி மாதம் என்னிடம் ஒரு வாக்கு வாங்கினீர்கள். காணி கிடைத்தால், வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முதல், ஓரிடத்தைக் கிண்ட வேண்டும் என்று. "கிணத்துக் கட்டிலை இருந்து கொட்டில் பக்கமாப் பதினேழு கவடு. பித்தளைச் சாமான் தாட்டிருக்கு. கிண்டேக்கை நீ பக்கத்திலை நில்லு. வேறை ஆரையும் தனிய விடாதை." ஓடும்போது சனம் பாத்திரம் பண்டங்களைப் புதைத்துவிட்டு ஓடியது வழக்கம்தான். அதனால் நானும் தலையாட்டினேன். குத்துவிளக்கும் அண்டாவும் வரப்போகிறது என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் சின்னராசாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூலிக்கு வருகிற ஆள், அவருக்கும் பக்கத்துக் குறிச்சியில் காணி கிடைத்திருந்தது. கிணற்றுக் கட்டிலிருந்து நான்தான் எட்டு வைத்து நடந்து கவடு எண்ணினேன். அளவு நாடா வைத்து ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவள் இப்படி அளக்கிறாளே என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. பதினேழில் நிறுத்தி, வெட்டச் சொன்னேன். ஒரு முழுக் காலையும் வெட்டினார். கல்தான் வந்தது.

சின்னராசா அலவாங்கை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அக்கா, இது ஆரின்ரை கவடு? உங்கடையோ, ஐயான்ரையோ?"

எனக்கு உறைத்தது. நீங்கள் ஆறடி உயரம், நான் உங்கள் தோளுக்கும் வரமாட்டேன். சின்னராசா ஏறக்குறைய உங்கள் உயரம். அவரை நடக்கச் சொன்னேன். அவர் நடந்து நின்ற இடத்தைப் பார்த்ததும் ஒன்று கவனித்தேன். சுற்றிவர எல்லாப் புல்லையும் மாடுகள் மேய்ந்திருந்தன. அந்த இடத்தில் மட்டும், ஒரு பாய் அளவுக்கு, புல் முழங்கால் உயரம் நின்றது.

அங்கே கல் இல்லை. மண் பொலபொலவென்று வந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, கொட்டிலுக்குப் பக்கத்தில் பங்கர் வெட்டுவதற்கென்று நீங்களும் மாமாவும் சேர்ந்து ஒரு கிடங்கு தோண்டினீர்கள் என்று. இடுப்பளவு இறங்கியதும் ஒரு கயிறு வந்தது. நீல நைலோன் கயிறு, மாடு கட்டுவது, உக்காமல் அப்படியே இருந்தது. அதைப் பிடித்து இழுத்த சின்னராசா இழுப்பதை நிறுத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார். பிறகு கையாலேயே மண்ணைத் தள்ளினார்.

எப்படிக் கிடத்தியிருந்தீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெற்கே தலை. இரண்டு கையும் நெஞ்சில். தலைமாட்டில் நம் வீட்டுப் பித்தளைச் செம்பு. ஆமியோ வேறு யாரோ புதைத்திருந்தால் திசை பார்த்திருப்பார்களா? செம்பில் தண்ணீர் வைத்திருப்பார்களா? இடுப்புப் பக்கம் பூட்டுத் திறப்பு ஒன்று கிடந்தது. துரு ஏறியிருந்தாலும் பிடியில் அரத்தால் அராவிய வெட்டு நன்றாகத் தெரிந்தது. நம் முன்கதவுக்கு ஒரே மாதிரி இரண்டு திறப்புச் செய்வித்து, இரண்டிலும் நீங்களே அடையாளம் வெட்டினீர்கள். ஒன்று சாகும்வரை உங்கள் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. இப்போது என் பொத்தான் டப்பாவில் இருக்கிறது. மற்றது எங்கே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மாட்டை அவிழ்க்க எதற்கு வீட்டுத் திறப்பு?

அதற்குப் பதிலும் என் வீட்டிலேயே இருந்தது, ஐயா. காணி உறுதிப் பத்திரம். ஓடி வந்த முதல் இரவு, "உறுதியை அலுமாரிக்கை விட்டிட்டு வந்திட்டன்" என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டதை எப்படி மறந்தேன்? அதன் பிறகு உறுதி உங்களிடம்தான் இருந்தது. எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதன் மூலையில் ஒரு கபிலக் கறை. கேட்டபோது தேத்தண்ணி ஊற்றுப்பட்டது என்றீர்கள். அந்த உறுதியைக் காட்டித்தான் கச்சேரியில் இந்தக் காணியை நான் திருப்பி எடுத்தேன். அங்கே இருந்தவர் கறை பட்ட மூலையைப் பிடித்துத்தான் பக்கம் புரட்டினார்.

சின்னராசா துவாயை உதறித் தோளில் போட்டார். பிறகு, "மூடிவிடுவம் அக்கா" என்றார். "பொலிசுக்குச் சொன்னா நீதவான் வருவார், வந்தா காணி மறிபடும். எத்தினை வருசத்துக்கெண்டு ஆருக்குத் தெரியும்? நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன்." நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். குழிக்கு மேல் ஒரு தகரத்தைப் போட்டு, நாலு வெள்ளைக் கல்லைப் பாரத்துக்கு வைத்துவிட்டு வந்தோம்.

மூன்று நாள், ஐயா. முதல் நாள் ஒரு கல்யாணப் பிளவுசுக்கு இரண்டு வலது கை வைத்துத் தைத்தேன். பத்து மணிக்கு யோகம் மாமி வழக்கம்போலத் தேத்தண்ணிக்கு வந்தார். "கோபி எடுத்தவன். இந்தமுறையும் கேட்டவன். இன்னும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தேன், நூல் ஏறவில்லை. மாமி வாங்கிக் கோத்துத் தந்தார்.

இரண்டாம் நாள் தனியாக வளவுக்குப் போனேன். தகரத்தை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மாடுகள் வந்தன. இந்தமுறை கொட்டில் பக்கம் பார்த்து நிற்கவில்லை. தகரத்தைச் சுற்றி வட்டமாக நின்றன. "போங்கோ" என்று கையை வீசினேன். சுட்டிக்காரி மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நீங்கள் படத்தில் பார்க்கிற அதே பார்வை. வீட்டுக்கு வந்து உங்கள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மன்னியுங்கள்.

எனக்கு வீடும் வேண்டும் என்பதை மறைக்கமாட்டேன். ஐம்பது வயதாகிறது. இன்னொருவர் காணியில், இன்னொருவர் கிணற்றில் அள்ளிக் குளித்து, ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வாழ்ந்தது போதும் என்றிருந்தது. வாய் மூடியிருந்தால் நீங்கள் நல்லவராகவே இருப்பீர்கள், எனக்கு வீடு இருக்கும், மாமிக்கு நம்பிக்கை இருக்கும். எல்லோருக்கும் நல்லதுதானே? நீங்களும் இப்படித்தான் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்தீர்களா? முதல் நாள் சொல்லத் தைரியம் வரவில்லை, இரண்டாம் நாள் ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம், அப்படியே ஆயுள் போய்விட்டதா? மூன்றாம் நாளே எனக்கு அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்துவிட்டது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. இன்னும் ஒரு நாள் போனால் நானும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

எழுந்து மாமி வீட்டுக்குப் போனேன். குசினியில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கிண்டியதையும் கண்டதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். திருவலகை நிறுத்தவில்லை. சிரட்டை வெறுஞ்சிரட்டையாகி, திருவலகுப் பல்லில் கறகறவென்று சத்தம் வந்த பிறகும் துருவிக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாட்டை அவிட்டுப்போட்டோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமி. கயிறு அவரின்ரை கையோடை கிடந்தது. அறுக்கேல்லை, அவிட்டிருக்கிறார்."

"அவர் அப்பிடித்தான். கயித்தை அறுத்தா மாடு பயப்பிடும் எண்டுவார்."

பிறகு உறுதியைப் பற்றிச் சொன்னேன். மாட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை, உறுதிக்கும் சேர்த்துத்தான் ஐயா அனுப்பினார், அடுத்த நாள் போய் அவர் கிடந்த இடத்தில் உறுதியை எடுத்துக்கொண்டு, அவரைத் தாட்டுவிட்டு வந்தார் என்று. மாமி சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"உன்ரை கொப்பர் எனக்கு நேரை இருந்து எத்தினை வருசம் தேத்தண்ணி குடிச்சவர், பிள்ளை" என்றார். "காணாமப்போன ஆக்களைக் கேட்டு என்னோடை சேர்ந்து படம் தூக்கிக்கொண்டு றோட்டிலை நிண்டவர். நான் அழேக்கை, 'வருவான் யோகம்' எண்டவர். எனக்குச் சொல்லியிருந்தா நான் என்ன, அவரை அடிச்சிருப்பனோ?"

உங்களைத்தான் கேட்கிறார், ஐயா. பதில் இருக்கிறதா?

எழும்பி வரத்தான் நினைத்தேன். அப்போது அந்தக் குசினி மூலையில் சுளகில் காத்தோட்டிக்காய் கிடந்ததைக் கண்டேன். ஆடி அமாவாசை வருகிறதென்று மாமி எங்கோ கண்ட கொடியில் முதல் காய்களைப் பிடுங்கி வைத்திருந்தார். அந்த விரதத்துக்கு நம் ஊரில் காத்தோட்டிக்காய்க் கறி இல்லாமல் முடியாது, காயோ முள்ளுக்கொடியில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் மாமிதான் கை கிழிபடப் பிடுங்கி நம் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். தன் வீட்டில் விரதம் இல்லாதவர், நம் வீட்டு விரதத்துக்கு.

அதைக் கண்டதும் எனக்கு உங்கள் இரண்டாவது இலை நினைவு வந்தது.

ஆடி அமாவாசையன்று நீங்கள் இரண்டு இலை போட்டுப் படைப்பீர்கள். ஒன்று அப்பப்பாவுக்கு. மற்றது ஆருக்கு என்று கேட்டால், "வைக்க ஆளில்லாததுகளுக்கும் ஒருத்தர் வைக்கவேணும்" என்பீர்கள். நீங்கள் போன பிறகு, உங்களுக்கு ஒன்றும், பழக்கத்தில் அந்த மற்றது ஒன்றுமாக நானும் இரண்டு இலை வைத்தேன். காகம் எப்போதும் அந்த இலைக்குத்தான் முதலில் வரும். நாம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நான் மட்டும் சிரித்திருக்கிறேன், நீங்கள் சிரித்ததாக இப்போது நினைவில்லை.

அதையும் மாமியிடம் சொன்னேன். "அந்த இலை மாமாவுக்கு வைச்சது மாமி. நீங்கள் பிடுங்கித் தந்த காய்தான்."

மாமி சுளகிலிருந்து ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மூன்று நாளாக நான் பயந்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப அவர் பட்டினி கிடக்கேல்லை."

அன்று மத்தியானமே இருவரும் வளவுக்குப் போனோம். தகரத்தை மாமியே விலக்கினார். குழிக்குள் பார்த்து, "தெக்காலைதான் தலை வைச்சிருக்கு" என்றார். குனிந்து ஒரு பிடி மண் எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பிறகு பொலிசுக்குப் போன் பண்ணச் சொன்னார்.

அடுத்து நடந்தது எல்லாம் சின்னராசா சொன்னபடிதான். நீதவான் வந்தார், வைத்தியர் வந்தார், நாடா கட்டினார்கள். நெஞ்செலும்புக்கு நடுவில் செல் சிதறிய இரும்புத் துண்டு ஒன்று இருந்தது என்றார் வைத்தியர், உடனேயே போயிருப்பார் என்றும் சொன்னார். அதை எழுதுகிறேன், உங்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தாலும். பொலிஸ்காரர் திறப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காட்டி, "இதை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். நான் பொத்தான் டப்பாவிலிருந்து உங்கள் திறப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்த வீட்டுத் திறப்பு என்று கேட்டார். பின்னால் கிடந்த சிவப்புத் தரையைக் காட்டினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாமாவை ஒரு பெட்டியில் வைத்து, பரிசோதனைக்கென்று கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். எப்போது தருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வளவுக்குள் எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. ஊரில் சிலர் என்னோடு கதைப்பதில்லை, தங்கள் வளவையும் கிண்டச் சொல்லுவார்களோ என்று பயம். வேறு சிலர் இருட்டுகிற நேரமாக வந்து, தங்கள் ஆளும் அந்தப் பக்கம்தான் போனவர் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மாமி பொட்டு அழிக்கவில்லை. "பெட்டி வரட்டும்" என்கிறார்.

எனக்கு உங்கள் மேல் கோபம், ஐயா. அன்பில் ஒரு துளி குறையவில்லை, கோபத்திலும் குறையவில்லை. கால் ஏலாத நீங்கள் செல்லுக்குள் போய், உங்கள் சிநேகிதனைத் தனியாகத் தூக்கிக் கிடத்தி, தலைமாட்டில் தண்ணீர் வைத்து, திரும்பி வரும்போது கவடு எண்ணி வந்திருக்கிறீர்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அதே கையால் மாமியிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்ததை நினைத்தாலும் எரிகிறது. படத்தை மறுபடி இந்தப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். பாருங்கள், நானும் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மாமாவைக் கொண்டுபோன பிறகும் மாடுகள் வருகின்றன. நாலு மணிக்கு நாடாவுக்கு வெளியே வரிசையாக நிற்கின்றனவாம். உள்ளே குழிதான் இருக்கிறது, அதில் யாரும் இல்லை. காவலுக்கு இருக்கிற பொலிஸ்காரர் இரண்டாம் நாளே இடமாற்றம் கேட்டுவிட்டார். கிணற்றடியிலிருந்து கொட்டில் பக்கமாக யாரோ கால் இழுத்து நடக்கிற சத்தம் கேட்கிறது என்கிறாராம். அது நீங்களா, ஐயா? இனி எண்ணத் தேவையில்லை. எடுத்துவிட்டோம். வீட்டுக்கு வாருங்கள்.

நேற்றுக் கோபி எடுத்தான். எல்லாம் அவனுக்குத் தெரியும், இருந்தும் வழக்கப்படி கேட்டான். மாமி போனை ஒலிபெருக்கியில் வைத்திருந்தார்.

"அம்மா, இந்தமுறை பிடிக்கட்டோ?"

மாமி என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"பிடி மோனை" என்றார்.

"பிடிக்கவோ?" என்று இன்னொருமுறை கேட்டான். பிறகு, அமாவாசை அங்கே என்ன நேரத்துக்குத் தொடங்கும், வாழையிலை கிடைக்காவிட்டால் எதில் படைப்பது என்று கேட்டான். குரல் நாலு வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தது.

நாளை மறுதினம் ஆடி அமாவாசை. இரண்டாவது இலை இனி நம் வீட்டில் இல்லை, யோகம் மாமி தன் வீட்டில் வைக்கிறார். நம் வீட்டில் ஒரே இலை, அது உங்களுக்கு. போன் வைத்த பிறகு மாமி என்னிடம் சொன்னார், "கோவிக்காதை பிள்ளை. உன்ரை கொப்பருக்கு நான் இனிக் காய் பிடுங்கித் தரமாட்டன்." கோவிக்க எனக்கு என்ன இருக்கிறது? சரியென்றேன்.

அதனால் இந்த வாக்கு. நம் வளவின் வடக்கு எல்லைப் பற்றையில் காத்தோட்டி படர்ந்து கிடக்கிறது, நாடாவுக்கு இந்தப்பக்கம். நாளை நானே போவேன். மாடுகள் நின்றாலும் போவேன். முள்ளுக்குள் கைவிட்டு, உங்களுக்கு நாலு காய் பிடுங்கி வருவேன். நான் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஆடியும் அது என் கை. மாமி மனம் மாறி ஒருநாள் கொண்டுவந்து தந்தால் வாங்குவேன். தராவிட்டாலும், ஐயா, உங்களைப் பட்டினி கிடக்க விடமாட்டேன்.

உங்கள் கை கழுவத் தண்ணீர் ஊற்றிய,
உங்கள் ஒரே பிள்ளை,
பவானி